மஞ்சள் என்று ஒரு வார்த்தை

ஜூன் 9

அக்கா,

இதைச் சித்தி கையில் கொடுத்தனுப்புகிறேன். உனக்குப் போன் செய்யக் கூடாது, நம் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, அந்த ஐந்துமுனைச் சந்திப்பை மிதிக்கவே கூடாது என்று சொல்லித்தான் எனக்கு ஜாமீன் கொடுத்திருக்கிறார்கள். சொந்த அக்காவைப் பார்க்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு வாங்கிய முதல் தம்பி நானாகத்தான் இருப்பேன். ஏனென்றால் நீ எனக்கு அக்கா, வழக்குக்குச் சாட்சி. அடிபட்டவரைத் தவிர வேறு சாட்சியே இல்லை. மேம்பால வேலைக்காக அந்தக் கம்பத்துக் கேமராவைக் கழற்றி வைத்திருக்கிறார்கள், மழையில் நின்றவர்கள் எல்லாம் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தார்களாம்.

நான் என் கூட்டாளி ஸ்பேனருடைய மெக்கானிக் கடை மாடியில் இருக்கிறேன். கீழே நாள் முழுக்க யாராவது ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் வரும். இப்போது காதைப் பொத்திக்கொள்கிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். மழை. முதுகில் சாப்பாட்டுப் பை. ஆர்டர் கொடுத்த ஆள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சந்திப்பில் டிராபிக் டூட்டியில் நின்ற உன்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். வழக்கம்போல ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தேன், நீயும் வழக்கம்போல பேங்க் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அப்புறம் அந்த பஸ் கண்டக்டர். டூட்டி முடிந்து, பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கோடு போட்ட இடத்தில் கடந்துகொண்டிருந்தார். வேண்டுமென்று ஒன்றும் நான் இடிக்கவில்லை.

வக்கீல் உன் முதல் அறிக்கையைப் படித்தார். பைக் வந்தது, ஆள் விழுந்தார், ஆம்புலன்ஸ் வந்தது, எல்லாம் எழுதியிருக்கிறாய். விளக்கு என்ன நிறம் என்று மட்டும் எழுதவில்லையாம். அந்தத் தாளை அவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். கோர்ட்டில் வந்து, நான் கோட்டைத் தாண்டும்போது மஞ்சள் விழுந்திருந்தது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறார். மஞ்சள் என்றால் நான் பாதியில் மாட்டிக்கொண்டவன், அவ்வளவுதான். சிவப்பு என்றால் ஜெயில், லைசென்ஸும் போய்விடும். கனரக வண்டி டெஸ்ட் பாஸ் ஆகி, லாரிக் கம்பெனியில் சேரக் கூப்பிட்டிருக்கிற நேரம் இது என்று உனக்கே தெரியும். சோற்றுப் பையைச் சுமந்தது போதும் என்று நீதானே விண்ணப்பம் வாங்கி வந்து கொடுத்தாய்?

படித்ததும் கிழித்துப் போடு.

தம்பி

*

ஜூன் 14

தம்பி,

கிழித்துப் போட்டுவிட்டேன். சித்தி உன் கடிதத்தை டிபன் பாத்திரத்துக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். வயதான மனுஷியைத் தபால்காரி ஆக்கியிருக்கிறாய். போன் செய்தால் கால் லிஸ்ட் எடுப்பார்கள் என்று பயப்படத் தெரிந்த உனக்கு, இந்தக் கடிதம் யார் கையிலாவது சிக்கினால் ஜாமீன் அன்றைக்கே ரத்தாகும் என்பது தெரியவில்லை. என் வேலையும் கூடவே போகும். அதைப் பற்றி நீ ஒரு வரி எழுதியிருப்பாயா என்று தேடினேன். இல்லை.

"வேண்டுமென்று இடிக்கவில்லை." டேய், வேண்டுமென்று இடித்தால் அதற்குப் பெயர் வேறு. அப்போது வழக்கும் வேறு. நீ செய்தது என்ன என்று உனக்கு யாரும் சொல்லவில்லை போல, நான் சொல்கிறேன். சிவப்பில் வந்தாய். இடது கையில் போன். ஹெல்மெட் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது, முழங்கைக்குள்தான் உனக்கு மூளை இருக்கிறது என்பதுபோல. சொந்த உபயோகம் என்று எழுதி இன்சூரன்ஸ் எடுத்த பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, அதனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிட்டான். இவை எல்லாம் தனித்தனியாக இருந்தவரை அபராதம்தான். கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். ஒரு மனிதனின் தொடை எலும்பு உடைந்த பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே வழக்கு. நீதிபதி ஒவ்வொன்றாக எடுத்து உன் முன்னால் வைப்பார்.

நாள் முழுக்க அந்தச் சந்திப்பில் நின்று நான் பார்த்தது இதுதான். எவனுக்கும் சட்டம் தெரியாமல் இல்லை. மாட்டிக்கொண்டால்தான் தப்பு என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள். போலீஸ் இல்லாத இடத்தில் சிவப்பு விளக்கு உங்களுக்கு வெறும் அலங்காரம்.

மஞ்சள் என்கிறாய். மஞ்சள் என்றால் முறுக்கிக்கொண்டு ஓடு என்று அர்த்தமில்லை. கோட்டுக்கு முன்னால் இருந்தால் நில் என்றுதான் அர்த்தம். அதை விடு. நான் மஞ்சள் என்று சொன்னால் அந்தக் கண்டக்டர் என்ன ஆவார் என்று யோசித்தாயா? உனக்கு மஞ்சள் என்றால் அவருக்கு இன்னும் பச்சை விழவில்லை. அவர் அவசரப்பட்டு முன்னாலேயே இறங்கிவிட்டார் என்று ஆகும். காலும் அவருடையது, தப்பும் அவருடையது. வக்கீல் உன்னிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

நிறத்தை ஏன் எழுதவில்லை என்று இன்ஸ்பெக்டரும் கேட்டார். மழையில் கவனிக்கவில்லை என்றேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலியிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் தம்பி, கை ஓடவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. இதற்கு மேல் கேட்காதே.

அம்மா சாப்பிடுகிறார். உன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறார்.

அக்கா

*

செப்டம்பர் 27

அக்கா,

விசாரணை நவம்பரில் என்று தேதி போட்டுவிட்டார்கள். நீ எழுதுவாய் என்று மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். சித்தி வருகிறார், நீ நலம் என்கிறார், வெறுங்கையோடு போகிறார்.

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. பயப்படாதே, யாரிடமும் காட்ட மாட்டேன். திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. போன், ஹெல்மெட், இன்சூரன்ஸ் என்று இவ்வளவு அழகாகச் சட்டம் தெரிந்த போலீஸ்காரி, இத்தனை வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தாள்?

நான் முதல் தடவை சிவப்பில் போனது உன் கண் முன்னால்தான். நான் டெலிவரி வேலையில் சேர்ந்த முதல் வாரம். நீ விசிலை வாயில் வைத்தாய், நான் என்று தெரிந்ததும் எடுத்துவிட்டாய். அன்று ராத்திரி சாப்பிடும்போது திட்டுவாய் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ குழம்பை என் பக்கம் தள்ளி, "லைட்டையாவது அடிச்சுட்டு வாடா, யாருன்னு தெரிய வேணாமா" என்றாய். அதிலிருந்துதான் இரண்டு தடவை லைட் அடிக்கிற வழக்கம் வந்தது. நானாகக் கண்டுபிடித்ததில்லை.

உன் கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் தெரியும். "விசிலக்கா தம்பிப்பா, விடு" என்பார்கள். மற்ற டெலிவரிப் பையன்கள் எனக்காகக் காத்திருந்து பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருவார்கள். எல்லாருக்கும் சிவப்பு, எனக்கு மட்டும் அக்கா. நீ ஒரே ஒரு நாள் என்னை ஓரங்கட்டி, உன் அபராத மெஷினில் என் நம்பரை அடித்திருந்தால், வெட்கத்தில் நான்கு நாள் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். அதற்கப்புறம் கோட்டுக்கு முன்னால் நின்றிருப்பேன். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று இப்போது நினைக்கிறாய். இடம் கொடுத்தது யார்?

வக்கீல் சொன்னதைச் சொல்கிறேன், கோபப்படாதே. நீ சிவப்பு என்று சொன்னால், இதற்கு முன்னால் இவன் எத்தனை முறை சிவப்பில் போயிருக்கிறான், நீ எத்தனை முறை அபராதம் போட்டாய் என்று அவர் கேட்பாராம். இல்லை என்று சொன்னாலும் உன் சாட்சிக்கு மதிப்பிருக்காது, ஆமாம் என்று சொன்னாலும் உன் வேலைக்கு மதிப்பிருக்காது என்கிறார். உனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வரப்போகிறதாமே, அம்மா சித்தியிடம் சொல்லிப் பூரித்தாராம். நான் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

தம்பி

*

அக்டோபர் 6

தம்பி,

மிரட்டுகிறவன் மிரட்டுகிறேன் என்று நேராகச் சொல்ல வேண்டும். "உன் நல்லதுக்குத்தான்" என்று முடித்திருக்கிறாயே, அந்த வரியைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நீ எழுதியதில் பொய் இல்லை. குழம்பைத் தள்ளியதும் உண்மை. காலையில் எழுந்து ராத்திரி வரை ஓடுகிற பிள்ளை, நானும் ஒரு கை கொடுக்காவிட்டால் யார் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். வீட்டில் எனக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லை, கையில் இருந்தது அந்தச் சந்திப்பு ஒன்றுதான். மற்றவனை எல்லாம் நிறுத்தினேன். ஒரு கல்லூரிப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அழுதாள், அவளுக்கும் அபராதம் போட்டேன். உன்னை விட்டேன்.

நேற்று அம்மா உன் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். நீ இல்லாத கட்டிலுக்கு வாராவாரம் விரிப்பு மாறுகிறது. என்னைப் பார்த்து, "நீ மனசு வச்சா அவன் வந்துருவானாமே" என்றார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. சித்தி உன் கடிதத்தை மட்டும் சுமந்து வரவில்லை என்று புரிந்தது.

ராத்திரி குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது ஐயா. திணறுவேன் என்று நினைத்தேன். சுலபமாக வந்தது. இத்தனை வருஷப் பழக்கம் என்று தோன்றியது.

சரி. மஞ்சள் என்றே சொல்கிறேன். நீ மிரட்டியதற்காக இல்லை, பதவி உயர்வுக்காகவும் இல்லை. அம்மா இன்னொரு தடவை என்னிடம் அப்படிக் கேட்டால் என்னால் தாங்க முடியாது, அதற்காக. வழக்கு முடிந்து நீ வீட்டுக்கு வா. நான் போலீஸ் குடியிருப்புக்கு மாறிக்கொள்கிறேன். இனி எனக்கு எழுதாதே.

அக்கா

*

அக்டோபர் 11

அக்கா, என் தங்க அக்கா,

எழுதாதே என்றாய், எப்படி எழுதாமல் இருப்பது! உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கீழே இறங்கிப் போய் ஸ்பேனரைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவன் மேலிருந்த கிரீஸ் முழுக்க என் சட்டையில். மாதக்கணக்கில் இல்லாத பசி வந்து அன்று இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். நீ கோபத்தில் எழுதியதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. போலீஸ் குடியிருப்பாவது ஒன்றாவது, அங்கே குழாயில் தண்ணீர் வருமா முதலில்?

லாரிக் கம்பெனியில் பேசிவிட்டேன். வழக்கு முடிந்ததும் வா, இடத்தை வைத்திருக்கிறோம் என்றார்கள். இனிமேல் பார், மஞ்சளைக் கண்டாலே பிரேக்கை மிதிப்பேன். பச்சையிலேயே நிற்பேன் வேண்டுமானால்.

ஒரே ஒரு உதவி. வக்கீல் சொல்கிறார், கண்டக்டரும் சாட்சி சொல்ல வருவார், அவர் தனக்குப் பச்சை இருந்தது என்று அடித்துச் சொன்னால் உன் வார்த்தைக்கு எதிர்வார்த்தை ஆகிவிடும் என்று. மழையில் அவருக்கே சரியாக நினைவிருக்காது. நீ யூனிபார்ம் இல்லாமல், உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரிக்கிற மாதிரி ஒரு நடை போய்விட்டு வா. நீ என் அக்கா என்று அவருக்குத் தெரியாது. பேச்சோடு பேச்சாக, நீங்க கொஞ்சம் முன்னாடியே இறங்கிட்டீங்களோ என்று ஒரு வார்த்தை போட்டு வை. போலீஸ்காரி சொன்னால் அவரே குழம்பிவிடுவார்.

இதை மட்டும் செய்துவிடு. பிறகு நான் உன் வாசல்படியைக்கூட மிதிக்க மாட்டேன்.

உன் தம்பி

*

பிப்ரவரி 20

இங்கே கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும்.

ஒரு வருஷம் ஜெயில். லைசென்ஸ் ரத்து. வெளியே வந்தாலும் பல வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கக்கூட முடியாதாம். கண்டக்டருக்கு நஷ்டஈடு தனி வழக்காக நடக்கிறது, அதுவும் என் தலையில்தான் விடியும். லாரிக் கம்பெனிக்கு நான் சொல்லாமலேயே விஷயம் போய்விட்டது.

நவம்பரில் நீ கூண்டில் ஏறியபோது நான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருக்கிறது. அரசு வக்கீல் கேட்டார், "என்ன விளக்கு எரிஞ்சுது?" நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சிவப்பு." எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். அக்டோபரில் நீ எனக்கு என்ன எழுதினாய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் வக்கீல் எழுந்தார். அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி நான்தான் தலையாட்டினேன், ஒளிக்க மாட்டேன். நான் முழுகுகிறேன், நீ மட்டும் கரையில் நிற்பாயா? முன்பு இவர் சிவப்பில் போனதைப் பார்த்திருக்கிறீர்களா என்றார். பார்த்திருக்கிறேன் என்றாய். அபராதம் போட்டதுண்டா? இல்லை என்றாய். ஏன்? "என் தம்பி" என்றாய். கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை, எதையோ எழுதிக்கொண்டார். எல்லாவற்றையும் மறுப்பாய், உன்னைப் பொய்க்காரி என்று நிரூபிக்கலாம் என்று வக்கீல் கணக்குப் போட்டிருந்தார். நீ எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னதால், உண்மையே பேசுகிற சாட்சி என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். உன்னையும் கெடுத்துக்கொண்டு, என்னையும் உள்ளே தள்ளி, என்ன சாதித்தாய்?

உன்னை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்களாம். அம்மா வந்து சொல்லி அழுதார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. அந்த ஆள் உனக்கு யார்? வழியில் போகிற யாரோ ஒரு கண்டக்டர். அவருக்காகக் கூடப்பிறந்தவனை விற்றாயே, ஏன்?

*

மார்ச் 8

தம்பி,

துறை விசாரணை முடிந்து வேலைநீக்க உத்தரவு நேற்று வந்தது. பதவி உயர்வுப் பட்டியலும் இந்த வாரம்தான் வந்தது, அதில் என் பெயரைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். தொப்பி, விசில், மழைக்கோட்டு எல்லாவற்றையும் ஸ்டோரில் ஒப்படைத்தேன். என்னோடு நின்ற ஒருத்தரும் எழுந்து வந்து பேசவில்லை. அவரவருக்கும் வீட்டில் ஒரு தம்பி, ஒரு மச்சான் இருக்கிறான், அந்தப் பயம். நீ கேட்டாயே, என்ன சாதித்தாய் என்று. ஒன்றும் இல்லை. இதை ஒரு பெருமையாக நான் சொல்லிக்கொண்டு திரியவில்லை.

கண்டக்டர் யார் என்று கேட்கிறாய். நீ போகச் சொல்லித்தான் போனேன். போகாமல் இருந்திருந்தால் இன்று நீ லாரி ஓட்டிக்கொண்டிருப்பாய், நானும் சட்டைக் கையில் பதவி உயர்வின் இன்னொரு பட்டையோடு அதே இடத்தில் நின்றிருப்பேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டாவது மாடி, லிப்ட் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியோடு தூக்கி இறக்குகிறார்களாம். ஜன்னல் ஓரம் கட்டில், தொடையிலிருந்து முழங்கால் வரை வெளியே தெரிகிற கம்பிகள். யூனிபார்ம் இல்லாமல் போயும் அவர் என்னைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து உட்காரப் பார்த்தார், நான் தடுத்தேன். மனைவி ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள், அப்போதுதான் வந்திருந்தாள். உடைகூட மாற்றாமல் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கலகலவென்று பேசினார். "வாழ்நாள் பூரா எல்லாரையும் உள்ள போங்க உள்ள போங்கன்னு விரட்டினேன் மேடம். இப்ப நான் உள்ளயே கிடக்கிறேன்" என்று சிரித்தார். இனி நின்றுகொண்டு வேலை பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டதை மனைவிதான் சமையலறை வாசலில் வைத்து என்னிடம் சொன்னாள்.

நீ சொல்லிக் கொடுத்ததைக் கேட்டேன் தம்பி. தண்ணீர் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு கேட்டேன். "நீங்க கொஞ்சம் முன்னாடியே இறங்கிட்டீங்களோ?"

அவர் கோபப்படவில்லை. நான் கேட்டதால் நிஜமாகவே யோசித்தார். பிறகு சொன்னார். "நான் லைட்டையே பாக்கல மேடம். மழையில பை வேற கண்ணை மறைச்சுது. நீங்க நிக்கிறதைப் பாத்தேன். போலீஸ் நிக்கிற இடத்துல எவன் வரப்போறான்னு இறங்கிட்டேன்." அப்புறம் தயங்கிக்கொண்டே கேட்டார், "தப்பு என் மேலயா மேடம்?"

தப்பு உங்க மேலதான் என்று மூன்று வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போயிருந்தேன். எழுந்து வந்துவிட்டேன். படிக்கட்டில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். விளக்கை நம்பி இறங்கியவராக இருந்தால் உனக்காக நான் விளக்கின் மேல் பழி போட்டிருப்பேன். அந்த மனிதர் என்னை நம்பி இறங்கியிருக்கிறார்.

கோர்ட்டில் என்னைப் பற்றி நீ வக்கீலைக் கேட்கச் சொன்ன கேள்வியும் நியாயமான கேள்விதான். கேட்காமல் விட்டிருந்தால் நானாகச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அதை மட்டும் உனக்கு வரவு வைக்கிறேன்.

அம்மா மாதம் ஒரு முறை உன்னைப் பார்க்க வருவார். நான் வர மாட்டேன். நீயும் எதிர்பார்க்காதே. உன் கட்டில் விரிப்பு இன்னும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

கோர்ட்டில்தான் கண்டக்டருக்கு நான் உன் அக்கா என்று தெரிந்தது. சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்தபோது அவரை நாற்காலியில் வைத்து வராண்டாவில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தம்பி என்றும் பாராமல் உண்மையைச் சொன்னீர்களே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று வெட்கமில்லாமல் எதிர்பார்த்து நின்றேன். அவர் என்னைக் கடந்து போய்விட்டார். மனைவி மட்டும் திரும்பி என்னிடம் வந்தாள். அவள் கத்தவில்லை. "அப்போ, எத்தனையோ நாள் பாத்துட்டு விட்டிருக்கீங்க" என்றாள்.

ஆமாம் என்றேன்.

அக்கா